தாளின் மறுபக்கம்

“மைக் ஸ்டாண்டுல நிக்கிறதா, கையில பிடிக்கிறதா?” என்று அப்பா தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தார். “கையில பிடிக்கிறதுன்னா வேண்டாம். தாளைப் பிடிக்க எனக்கு ரெண்டு கையும் வேணும்.”

அம்மா அன்று விடியும்போதுதான் இறந்திருந்தாள். உடல் ஆஸ்பத்திரிக் குளிரறையில் இருந்தது. அங்கிருந்து கொண்டுவந்த துணிப்பையைக் கூடத்துத் தரையில் கொட்டி, மகள் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். சீப்பு, செருப்பு, பாதி தீர்ந்த இருமல் மிட்டாய்ப் பொட்டலம், மூலை மடங்கிய ஒரு சீட்டுக்கட்டு. அந்த மூலைகள் தானாக மடங்கியவை அல்ல, அம்மா மடக்கியவை. கடைசி வாரத்தில்கூட வார்டு நர்ஸ்களை அதை வைத்துத்தான் தோற்கடித்துக்கொண்டிருந்தாள்.

“எதிரொலி அடிக்குமா? சரி, சரி. ஸ்பீக்கர் பின்வரிசையைப் பாத்து இருக்கட்டும். காலையில நானே கொஞ்சம் முன்னாடி வந்து பாத்துக்கறேன்.”

தகன நிலையத்துக்காரரிடம் பேசி முடித்து அப்பா போனை வைத்தார். ஒரு காரியம் உருப்படியாக முடிந்த திருப்தி முகத்தில் இருந்தது. மகள் நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தாள். அம்மா படுக்கையில் கிடந்த நாட்களில், ஒரு விழாவுக்கும் அடுத்த விழாவுக்கும் நடுவில் கிடைத்த இடைவெளியில்தான் இந்த மனிதர் ஆஸ்பத்திரிக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நர்ஸ்கள் அவர் குரலைக் கேட்டுச் சொக்கிப்போனார்கள். அம்மா மறுபுறம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அப்பா மேடை அறிவிப்பாளர். கடைத் திறப்போ, பள்ளி ஆண்டு விழாவோ, பெரிய மனிதருக்குப் பாராட்டோ, அவர் இல்லாமல் அங்கே விழா நடந்ததில்லை. “அடுத்ததாக...” என்று அவர் இழுத்தால் கொட்டாவி விடுகிறவனும் வாயை மூடிக்கொண்டு நிமிர்ந்து உட்காருவான். வெண்கலப் பாத்திரத்தைத் தட்டியது போன்ற குரல் அது. அதைக் குறைசொல்ல மகளாலும் முடியாது. ஆனால் அந்தக் குரல் வீட்டுக்குள் வந்த பிறகு வேறு எந்தக் குரலுக்கும் இடம் இருந்ததில்லை.

அம்மா அவருக்கு வைத்த பட்டப்பெயர் ஒலிபெருக்கி. அவருக்குத் தெரியாது. அவள் எல்லோருக்கும் பெயர் வைப்பாள். அண்ணனுக்கு மெத்தை, எந்தப் பக்கம் அழுத்தினாலும் அமுங்கிக் கொடுப்பான். மகளுக்குக் குண்டூசி.

“நாளைக்கு வாசிக்க நீ ஒண்ணு எழுதிக் குடு,” என்றார் அப்பா. “அம்மாவைப் பத்தி. ஒரு பக்கம் போதும். இதானே உன் தொழில்.”

அதுதான் அவள் தொழில். டாக்டர்கள், வக்கீல்கள், முதலாளிகள், மேடையில் பேசப் போகிறவர்கள் இவர்களுக்கெல்லாம் ‘என்னைப் பற்றி’ என்று ஒரு பக்கம் எழுதித் தருவாள். எல்லோரும் ஒரே மாதிரி எழுதிக்கொண்டு வருவார்கள்: கடின உழைப்பாளி, பன்முகத் திறமையாளர், பழகுவதற்கு இனியவர். அவள் ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து, “இது உங்க பக்கத்து வீட்டுக்காரருக்கும் பொருந்துமா?” என்று கேட்பாள். பொருந்தும் என்றால் அடித்துவிடுவாள். பெரும்பாலும் பெயரும் பிறந்த தேதியும்தான் மிஞ்சும். “சரி, உங்க முதுகுக்குப் பின்னாடி உங்க வீட்டுல என்ன சொல்லிச் சிரிப்பாங்க? அதைச் சொல்லுங்க,” என்பாள். அங்கிருந்துதான் ஆள் வெளியே வருவான்.

“நீங்களே எழுதலாமேப்பா.”

“நான் எங்க எழுதறேன்? எழுதிக் குடுத்ததை வாசிக்கிறவன். கொஞ்சம் பெரிய எழுத்தா அடி. கண்ணாடி போட்டுக்கிட்டு மைக் முன்னாடி நின்னா முகம் எடுபடாது.”

“எழுதினதும் ஒரு தடவை பாத்துடறீங்களா?”

தெரிந்தேதான் கேட்டாள். அப்பா புண்பட்டவரைப் போல அவளைப் பார்த்தார். “என்னிக்காவது பாத்திருக்கேனா? முன்னாடியே படிச்சுட்டுப் போனா ஆறின சோத்தைச் சூடு பண்ணின மாதிரி இருக்கும். தாளைப் பிரிச்சோமா, சுடச்சுட வாசிச்சோமான்னு இருக்கணும். அதானே என் பேரு.”

தவளை தன் வாயால் கெடும் என்று அம்மா அடிக்கடி சொல்வாள். குண்டூசி சீட்டுக்கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“சரிப்பா. எழுதித் தரேன்.”

அவளுடைய கோபம் இன்று நேற்று முளைத்ததல்ல. அவள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவுக்கு ஒரு பாராட்டு விழா எடுத்தார்கள். விழா மலரில் போட அவரைப் பற்றி அரைப் பக்கம் கேட்டிருந்தார்கள். அவர் கூடத்தில் நடந்துகொண்டே சொல்லச் சொல்ல, அவள்தான் தட்டச்சு செய்தாள். அவள் எழுதிய முதல் ‘என்னைப் பற்றி’ அதுதான். கடைசியில் தானாகவே ஒரு வரி சேர்த்தாள்: மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் தொலைபேசி ஆபரேட்டர். அப்பா அதைப் பார்த்ததும், “இடம் இல்லம்மா,” என்றார். அந்த இடத்தில் வர்த்தகர் சங்கத் துணைச் செயலாளருக்கு ஒரு நன்றி போட்டார். அம்மா அங்கேயே நின்று அவருடைய விழாச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

விழா அன்று மலர் கைக்கு வந்ததும் அம்மா அந்தப் பக்கத்தைப் பிரித்து நிதானமாகப் படித்தாள். படித்து முடித்துத் தாளைத் திருப்பிப் பார்த்தாள். தொடர்ச்சி இருக்குமோ என்று நினைத்தாளோ என்னவோ. மறுபக்கத்தில் ஒரு பெயின்ட் கம்பெனி விளம்பரம் இருந்தது.

“பெயின்ட் நல்லா இருக்கு,” என்றாள்.

பிறகு அவளை மேடைக்கு அழைத்தார்கள். அப்பா மைக்கைப் பிடித்து, “இவங்கதான் நம்ம உணவுத் துறை அமைச்சர்,” என்றார். சபை சிரித்தது. அந்த நகைச்சுவையை அதற்கு முன்பும் பின்பும் அவர் எத்தனை மேடையில் சொன்னாரோ கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் அம்மாவும் கூடச் சிரித்தாள். ஆஸ்பத்திரியில் அத்தனை டாக்டர்களையும் ஒரு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஆட்டிவைத்தவள், வீட்டு மேடையில் சமையலறை அமைச்சராகத்தான் கடைசிவரை இருந்தாள். குண்டூசிக்குப் பெயின்ட் கம்பெனியின் பெயர்கூட இன்றுவரை மறக்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுத உட்கார்ந்தாள். அப்பாவைத் திட்டி நாலு வரி எழுதினாள். படித்துப் பார்த்தபோது அதில் அம்மாவைக் காணவில்லை. முழுக்க அப்பாதான் இருந்தார். வீட்டை நிறைத்தது போதாதா, இங்கேயும் அவர்தானா என்று எல்லாவற்றையும் அழித்தாள். திட்டினால் ஊர் அவர் பக்கம் சாயும். பெண்டாட்டி செத்த வீட்டில் பெற்ற மகளே இப்படியா என்று உச்சுக்கொட்டும். அடிக்கிற அடி சத்தம் கேட்கக்கூடாது. அவர் ஒருவருக்கு மட்டும் வலிக்க வேண்டும்.

அப்போதுதான் வழி புலப்பட்டது. அம்மாவைப் பற்றி மட்டும் எழுதுவது. உண்மையை மட்டும் எழுதுவது. அதில் கணவர் என்று ஓர் ஆள் இல்லாமலே எழுதுவது. அதை அவர் வாயாலேயே, அந்த வெண்கலக் குரலாலேயே, ஊரைக் கூட்டி வைத்து வாசிக்க வைப்பது. அவர் கையை எடுத்தே அவர் கண்ணைக் குத்துவது.

விரல்கள் ஓடின. பெரிய எழுத்தாக அடித்து, கடைசி வரி தாளின் அடிவிளிம்பில் வந்து முட்டும்படி அமைத்தாள். அடியில் வெள்ளை இடம் தெரிந்தால் அவர் முன்கூட்டியே உஷாராகிவிடுவார். முட்டிக்கொண்டு நின்றால் மறுபக்கத்தில் தொடர்ச்சி இருக்கிறது என்று நம்பித் திருப்புவார். திருப்ப வேண்டும். அதைப் பார்க்க வேண்டும்.

சாயங்காலம் அண்ணன் ஊரிலிருந்து வந்து சேர்ந்தான். பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் நின்றபடியே தாளை வாங்கிப் படித்தான். சீட்டு விஷயம் வந்த இடத்தில் சிரித்தான், அடுத்த வரியில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். முடித்ததும் மறுபடி மேலேயிருந்து தேடினான்.

“அப்பா எங்கடி?”

“இல்ல.”

“இல்லன்னா?”

“இல்லன்னா இல்ல.”

மெத்தை கதவை ஒருக்களித்துச் சாத்தினான். அப்பா உள்ளறையில் போனில் யாருக்கோ அம்மாவின் கடைசி நேரத்தைக் குரல் ஏற்றி இறக்கி விவரித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவர் அங்கே இல்லை.

“ஊர் முன்னாடி மைக்ல நின்னு அவரே இதைப் படிக்கப் போறாரு. பாவம்டி. ஒரே ஒரு வரி சேத்துடு.”

“எந்த வரி? நீ சொல்லு, எழுதறேன். அவங்க ரெண்டு பேரும் சேந்து பண்ணினது ஏதாவது ஒண்ணு சொல்லு.”

அண்ணன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

“நம்மளைப் பெத்தாங்க.”

“அது ஊர்ல எல்லாரும் பண்றது. பக்கத்து வீட்டுக்கும் பொருந்தினா அடிச்சுடணும்.”

“உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?”

“இருந்துச்சு. இஸ்திரி போட்டுக் காய வச்சாச்சு.”

அண்ணன் தாளைத் திருப்பிக் கொடுத்தான். அவன் போய் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காரியம் கெட்டிருக்கும். ஆனால் அவன் யாருக்கும் எதிராக எதுவும் செய்ததில்லை. தங்கைக்கு எதிராகவும் செய்யமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும்.

அவனிடம் சவால் விட்டாளே தவிர, அப்படி ஒரு வரி இருக்கத்தான் செய்தது. அதை எழுதிவிட்டுத்தான் நீக்கியிருந்தாள். காற்று இந்தப் பக்கம் வீசும் மாலைகளில், மைதானத்து விழாக்களிலிருந்து அப்பாவின் குரல் வீட்டு ஜன்னல்வரை வரும். அம்மா செய்துகொண்டிருக்கிற வேலையை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய்க் காது கொடுப்பாள். “‘பண்பின் சிகரம்’ மூணு ஆச்சு. இன்னிக்கு நாலு வரும் பாரு,” என்று விரல் விட்டு எண்ணுவாள். நாலாவது வந்ததும் அவளுக்கு வருகிற சிரிப்பு இருக்கிறதே, அது வேறு யாருக்கும் பொருந்தாது. சிவப்புப் பேனா அந்த வரியைத் தொட்டிருக்கவே கூடாது. ஆனால் அந்த வரியை விட்டால் அதன் வழியாக அவர் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வார். வரக்கூடாது.

மறுநாள் காலை தகன நிலையத்து மண்டபம் நிரம்பியிருந்தது. அரை மணி நேரம்தான் கொடுத்திருந்தார்கள். உங்களுக்கு அடுத்து இன்னொரு குடும்பம் வெளியே காத்திருக்கிறது என்று ஊழியர் ஒருவர் தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். அம்மா நடுவில் சக்கர மேசையில் படுத்திருந்தாள். பின்னால் ஓர் உலோகக் கதவு. அப்பா வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். மைக்கை விரலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்து, ஸ்பீக்கரைக் கொஞ்சம் திருப்பச் சொன்னார்.

அவருக்குத் தெரிந்த சங்கத்துப் பிரமுகர்கள் முன்வரிசையை நிரப்பியிருந்தார்கள். பின்வரிசையில் ஆஸ்பத்திரிக்காரர்கள். அவர்களில் ஒருத்தி அம்மாவுக்கு அடுத்த ஷிஃப்டில் உட்கார்ந்தவள். ஒரு நாளும் தாமதமாக வந்து அம்மாவைக் காக்க வைக்காததால் அவளுக்கு அலாரம் என்று பெயர். அலாரம் அக்கா இன்றும் எல்லோருக்கும் முன்னால் வந்திருந்தாள்.

குண்டூசி நாலாக மடித்த தாளை அப்பாவிடம் கொடுத்தாள். அவர் அதைப் பிரிக்காமலே சட்டைப் பையில் வைத்தார். மைக் முன் நின்றதும் எடுத்துப் பிரித்தார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“உங்களில் பலர் இவர் முகத்தை இன்றுதான் பார்க்கிறீர்கள்,” என்று தொடங்கினார். குரல் மண்டபத்தின் நாலு மூலைக்கும் போயிற்று. “ஆனால் குரலை எப்போதோ கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாருக்கோ முடியாமல் போய், வீட்டு விலாசம்கூட மறந்துபோய் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தபோது, ‘பதறாதீங்க, லைன்லயே இருங்க, நான் இருக்கேன்’ என்று சொன்னவர் இவர்தான்.”

பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அப்பா தாளிலிருந்து கண்ணை எடுத்துச் சபையை ஒரு பார்வை பார்த்தார். வழக்கமாக அந்தப் பார்வைக்குக் கைதட்டல் வரும்.

“இவருக்குச் சீட்டாடத் தெரியும். ஏமாற்றி ஆட இன்னும் நன்றாகத் தெரியும். பிடிபட்டால், ‘உன் கண்ணு சரியா இருக்கான்னு பாத்தேன்’ என்பார். எல்லோருக்கும் பட்டப்பெயர் வைப்பார். இந்த மண்டபத்தில் இருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு ஒன்று உண்டு. உங்களுடையது தெரியவில்லையென்றால், அது உங்களுக்கு நல்லது.”

மண்டபம் சிரித்தது. அப்பாவும் தொழில் பழக்கத்தில் சிரித்தார். சிரிப்பு அடங்கும்வரை நிறுத்திவைத்து, சரியான இடத்தில் எடுத்தார்.

“மாலையில் தொலைக்காட்சியில் குத்துச்சண்டை பார்ப்பார். சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுத்தான் பார்ப்பார். ‘நாள் முழுக்கக் காதுக்கு வேலை குடுத்தாச்சு, இனிமே கண்ணு பாத்துக்கட்டும்’ என்பார். யார் அடி வாங்குகிறானோ அவன் பக்கம்தான் இருப்பார்.”

அப்பாவின் புருவம் லேசாக ஏறியது. அது அவருக்குப் புதிய செய்தி. மாலைகளில் அவர் வீட்டில் இருந்ததே இல்லை. குண்டூசி முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்து அவர் முகத்தைவிட்டுக் கண்ணை அகற்றாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இவருக்குச் சமையல் பிடிக்காது,” என்று அப்பா வாசித்தார். அந்தச் சொல் வாயைவிட்டுப் போன பிறகுதான் அவருக்கு அது எட்டியது போலிருந்தது. மைக்கில் மூச்சு உரசியது. “செய்தார். பிடிக்காது.”

முன்வரிசைப் பிரமுகர் ஒருவர் உணவுத் துறை அமைச்சரை நினைத்தோ என்னவோ மெல்லச் சிரித்தார். யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. அப்பாவின் கண்கள் தாளில் அவசரமாகக் கீழே ஓடுவதை அவள் பார்த்தாள். தன்னைத் தேடுகிறார். ஆனால் பெரிய எழுத்து, கண்ணாடி இல்லை, வாய் வேறு நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது. தேடிக்கொண்டே வாசிக்க அவருக்கு வராது. குரல் முதல் தடவையாக ஒரு வார்த்தையில் தடுக்கியது.

“துக்க வீடுகளில் இவருக்குச் சிரிப்பு வந்துவிடும். முக்கியமாக யாராவது மைக்கில் ‘பண்பின் சிகரம்’ என்று சொல்லும்போது. கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். ஊர் அதை அழுகை என்று நினைத்துக்கொள்ளும்.”

ஆஸ்பத்திரி வரிசை குலுங்கிச் சிரித்தது. அப்பா சிரிப்புக்காக நிறுத்தவில்லை. வேகம் கூடிவிட்டது. அவர் சொல்கிற ஒவ்வொரு வாக்கியமும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்திற்று. ஒரு வாக்கியத்திலும் அவள் பக்கத்தில் அவர் நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

“ஓய்வு பெற்ற அன்று ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்று, ‘இனிமே நான் பேசறேன், நீங்கல்லாம் கேளுங்க’ என்று சத்தமாகச் சொன்னாராம்.” அப்பாவின் கட்டைவிரல் தாளின் அடிவிளிம்புக்கு வந்தது. “வீட்டில் அப்போது யாரும் இல்லை.”

அதுதான் கடைசி வரி. அப்பா ஒரு கணம் நின்றார். பிறகு தாளைத் திருப்பினார்.

தாள் திரும்பிய சத்தத்தை மைக் வாங்கி மண்டபம் முழுக்கக் கொடுத்தது. மறுபக்கம் வெள்ளையாக இருந்தது. அவர் அதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிறகு கிட்டே கொண்டுவந்து பார்த்தார். மறுபடி முன்பக்கம் திருப்பி அடிவரியைப் பார்த்தார். பெயின்ட் விளம்பரம்கூட இல்லை.

இனித்தது. பொய் சொல்வானேன், குண்டூசிக்கு அது இனித்தது. இஸ்திரிப் பெட்டியைப் பிடித்திருந்த அந்தக் கைக்கு இன்றைக்காவது ஒருத்தி கணக்குத் தீர்த்தாள் என்று இருந்தது. எழுந்து நின்று சிரிக்க வேண்டும்போல வந்தது. அம்மாவைப் போலக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மைக் அவர் முன்னால்தான் நின்றது. வாழ்நாள் முழுக்கச் சொல்லை வைத்துச் சம்பாதித்த மனிதர். சொந்தமாக ஒரு வரி சேர்த்துக்கொள்ள அவரை யாரும் தடுக்கவில்லை. வாயைத் திறந்தார். சபை காத்திருந்தது.

“அடுத்ததாக...” என்றார்.

வாய் பழக்கத்தில் வந்துவிட்டது. சொன்ன பிறகு அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பிரமுகரோ ஒரு பொன்னாடையோ இருந்திருக்கிறது. இப்போது சக்கர மேசையும் உலோகக் கதவும்தான் இருந்தன. ஊழியர் அந்தச் சொல்லையே உத்தரவாக எடுத்துக்கொண்டு முன்னால் வந்து, மேசையின் தடுப்பைக் காலால் தட்டிவிட்டுக் கதவை நோக்கித் தள்ளினார். அப்பா மைக் முன்னாலேயே தாளைப் பிடித்தபடி நின்றார்.

வெளியே மரத்தடியில் ஒவ்வொருவராக வந்து அவள் கையைப் பிடித்தார்கள். நேரில் பார்த்த மாதிரி இருந்தது, அப்படியே அவங்கதான், இப்படி ஒன்றைக் கேட்டதே இல்லை என்றார்கள். அதில் அப்பா இல்லாததை ஒருவரும் கவனிக்கவில்லை. பிரமுகர் ஒருவர், “அப்பா எவ்வளவு உருக்கமா வாசிச்சாரு, பாதியில தொண்டை அடைச்சுடுச்சு பாத்தியா,” என்று கண்கலங்கினார்.

அலாரம் அக்கா மட்டும் கூட்டம் குறையும்வரை காத்திருந்து கிட்டே வந்தாள்.

“உங்கம்மா இருந்திருந்தா சிரிச்சுச் சிரிச்சு வயித்தைப் பிடிச்சிருப்பா.”

“எழுதினதுக்கா, அக்கா?”

“அது இல்ல. அவரு தாளைத் திருப்பித் திருப்பிப் பாத்து முழிச்சாரே, அதுக்கு.” குரலைத் தணித்தாள். “ஆனா சிரிச்சு முடிச்சதும் உன் மண்டையில ஒண்ணு வச்சிருப்பா.”

குண்டூசி கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

அவள் ஒரு கேள்விக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பத்தி ஏன் ஒரு வரி கூட இல்லை என்று அப்பா கேட்பார். “இடம் இல்லப்பா,” என்று அவள் சொல்வாள். அத்தனை வருஷம் நாக்கின் அடியில் வைத்துக் காப்பாற்றிய இரண்டு வார்த்தை. காரில் வரும்போது கேட்பார் என்று பார்த்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். சாப்பிடும்போது கேட்பார் என்று பார்த்தாள். அண்ணன் பரிமாறியதை அவர் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிட்டார். வந்தவர்கள் எல்லோரும் போய், வெயில் தணிந்து, அண்ணன் பாத்திரம் துலக்கும் சத்தம் சமையலறையிலிருந்து வந்துகொண்டிருந்தபோதும் அவர் கேட்கவில்லை. சட்டைகூட மாற்றாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். தாள் இன்னும் பையில் இருந்தது. மடிப்பு வெளியே துருத்திக்கொண்டு தெரிந்தது.

“பாப்பா,” என்றார்.

அவள் நிமிர்ந்தாள். வார்த்தை இரண்டும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன.

“எல்லாருக்கும் பேரு வச்சிருந்தாளாமே. எனக்கு ஏதாவது வச்சிருந்தாளா?”

இந்தக் கேள்விக்கு அவள் பதில் தயாரித்து வைத்திருக்கவில்லை. பதில் என்னமோ இருந்தது, ஒற்றைச் சொல்லில். சொன்னால் அவர் சிரித்திருக்கவும் கூடும். சொன்னால் அடுத்து அந்த ஜன்னலையும் விரல்விட்டு எண்ணியதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

“தெரியாதுப்பா,” என்றாள்.

அப்பா தலையாட்டினார். வெண்கலக் குரல் எங்கோ உள்ளே போயிருந்தது.

“குத்துச்சண்டை எந்தச் சானல்ல வரும்?”

“தெரியல.”

அவர் ரிமோட்டை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். எந்தப் பொத்தான் என்று தடவித் தடவிக் கண்டுபிடித்து, டிவியைப் போட்டுச் சத்தத்தை முழுக்கக் குறைத்தார். பிறகு ஒவ்வொரு சானலாகத் தள்ளினார். செய்தி வாசிப்பவளின் வாய் சத்தமில்லாமல் அசைந்தது. ஒரு யானை ஆற்றைக் கடந்தது. யாரோ யாரையோ துரத்தினார்கள். அப்பா ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நின்று, அது இல்லை என்று தெரிந்ததும் அடுத்ததற்குப் போனார்.

அவள் பின்னால் தரையில் உட்கார்ந்து சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சானல் எண் அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அப்பா அதற்கு வந்தபோது விளம்பர இடைவேளை. திரையில் ஒருவன் ஒரு சுவருக்கு நீல நிறத்தில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதையும் தாண்டிப் போனார்.

அவள் மேலே இருந்த சீட்டைத் திருப்பிப் போட்டாள்.